கடைசி வீட்டுப் பணக்காரி

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முகமெல்லாம் வெயில். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, என்ன வருமானம், ஃப்ரிட்ஜ் உண்டா, வண்டி உண்டா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டு விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். அவள் எங்கள் வாசலுக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“எக்கா, ஸ்கூட்டியச் சொல்லிராதீங்க. மாசாமாசம் வர்ற ரூவா நின்னுபோகுமாம். நான் எங்க வண்டியப் பின்னால கொண்டுபோயி சாக்கப் போட்டு மூடிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குள் வாசலுக்கு வந்துவிட்ட கணக்கெடுக்கும் பெண் மிரண்டுபோய், “ஏம்மா சிரிக்கீங்க?” என்று கேட்டாள். என்னவென்று சொல்வது? சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு அன்றைய வேலை கெட்டுவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய நமக்குத்தான் கெடுவதற்கு எந்த வேலையும் இல்லை.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர்ப் பக்கம் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசியில் ஊன்றிய பருத்தி என் முழங்காலுக்குக்கூட வளரவில்லை. தை மாதத்திலேயே கரிசல் வாயைப் பிளந்துவிட்டது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அந்தச் சுகத்துக்காகவே நாங்கள் குப்புறப் படுத்துக் கையை விட்டுக்கொண்டு கிடப்போம். என்னுடைய நல்ல சிலேட்டுக் குச்சி ஒன்று அப்படி ஒரு வெடிப்பில்தான் விழுந்தது. மழை வந்து மண் மூடிய பிறகும், அது அங்கேதான் இருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா தாமிரவருணிப் பக்கம் நெல்லறுப்புக்குப் போய்விட்டார். ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான். அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். பன்னிரண்டு வயது அக்கா ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் போனாள். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி போட்ட ஆபீஸ் இல்லை, தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற கம்பெனி. விடியுமுன் அதன் பஸ் பிள்ளையார் கோயில் முன்னால் வந்து நின்று ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடுவார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கும். அக்கா வந்து பக்கத்தில் படுத்தால் அவள் தலைமுடியில் மருந்து வாசனை அடிக்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். இன்று அதை நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அம்மாவிடம் ஒரே ஒரு பாட்டுதான். “ஒரு கறவை எரும மட்டும் நம்ம வாசல்ல நின்னா, மறுநாளே மூத்தவளப் பஸ்ஸுல இருந்து எறக்கிப் பள்ளிக்கூடத்துல விட்டுருவேன்.” ஒட்டுகிற பசையைக் கிண்டிக்கொண்டே சொல்வாள். அந்தப் பசையில் மயில்துத்தம் என்கிற நீல நிற விஷ உப்பு கலந்திருக்கும், பசித்த பிள்ளைகள் நக்கிவிடக்கூடாது என்று. அம்மாவின் நகக்கண் எல்லாம் எப்போதும் நீலம்.

இப்படி இருக்கும்போதுதான் தலையாரி தெருவில் சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க! வியாழக்கெழம சர்க்கார்ல இருந்து கணக்கெடுக்க ஆபீசர் வாராவ! யாரு யாருக்கு என்ன தொழிலு, என்ன வரும்படின்னு வீடுவீடா எழுதப்போறாவ!”

அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டு ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்து, “எதுக்குவே எழுதுதாவ?” என்று கேட்டார். கலர் குடித்த நன்றிக்காகத் தலையாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணுமில்லாத வீடாப் பாத்துக் கறவ எரும குடுப்பாவளா இருக்கும்” என்றார். கடையைத் தாண்டித் தெருவுக்குள் வருவதற்குள் அந்த ‘இருக்கும்’ உதிர்ந்துபோய்விட்டது. எருமை மட்டும் வந்து சேர்ந்தது.

நான் அன்றைக்கே எங்கள் எருமைக்கு ராணி என்று பெயர் வைத்துவிட்டேன்.

அந்த நிமிஷத்திலிருந்து ஊரில் எல்லோருக்கும் ஒன்றுமில்லாத வீடாக ஆகிவிட ஆசை. ஆனால் கஷ்ட காலம் என்றாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது இருந்தது. மேலவீட்டு அத்தையிடம் சீராக வந்த பித்தளைக் குடங்கள். ஆட்டுக்கார மாமாவிடம் இருபது உருப்படிக்கு மேல் ஆடுகள். அண்ணாச்சியிடம் ரேடியோ. இதையெல்லாம் எங்கே வைப்பது? காட்டில் கொண்டுபோய் வைத்தால் களவு போகும். கிணற்றில் போட்டால் யார் இறங்கி எடுப்பது?

அண்ணாச்சிதான் வழி சொன்னார். “ஆபீசர் எவரு வந்தாலும் கோவில்பட்டி பஸ்ஸுலதான் வருவாரு. கோயில் பக்கத்துல எறங்கி, நம்ம கடையில ஒரு கலரக் குடிச்சிட்டு, நாலு வீட்டப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிருவாரு. ஓடையத் தாண்டி, தெற்குக் கடைசி வரைக்கும் இதுவரைக்கும் எவராவது நடந்திருக்காவளா?”

தெற்குக் கடைசி வீடு எங்கள் வீடு. ஊரிலேயே காலியான வீடும் அதுதான், அதனால் இடமும் தாராளம். எங்களிடம் ஒரு மண்பானை, ரெண்டு ஈயப்பாத்திரம், அம்மாவின் பசைச்சட்டி, அவ்வளவுதான் சொத்து.

அம்மா கேட்டாள்: “அப்போ எங்க வீடு, அண்ணாச்சி?”

“ஒனக்கென்ன தங்கச்சி! ஒன் வீட்டுல ஒண்ணுமில்லன்னு ஊருக்கே தெரியும். பட்டியல்ல மொதப் பேரு ஒன் பேருதான். கடைக்கு வாற ஆபீசர்கிட்ட நானே சொல்லுதேன், போதுமா?”

அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். ராணியை எங்கே கட்டுவது என்று வாசலில் இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ஊர்வலம் கிளம்பியது. குடம், அண்டா, குத்துவிளக்கு, கயிற்றுக் கட்டில், தையல் மெஷின், சுவர்க்கடிகாரம், யாரோ ஒருவர் வீட்டு மான்கொம்பு. கடைசியில் மே மே என்று கத்திக்கொண்டு ஆடுகள். எங்கள் ஒற்றை அறையில் கால் வைக்க இடமில்லை. எனக்குக் கொண்டாட்டம். ஏழெட்டுக் குடங்களின் வயிற்றில் என் முகம் கோணலாகத் தெரிந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நாக்கை நீட்டிவிட்டு வந்தேன்.

பிறகு நாங்கள் பிள்ளைகள் எல்லாம் காலியான வீடுகளைப் பார்க்க ஓடினோம். சாணி மெழுகிய தரையில் குடம் இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. மேலவீட்டு அத்தை வீட்டில் பெரிய வட்டம், சின்ன வட்டம், அதைவிடச் சின்னது என்று வரிசையாக இருந்தன. ஒற்றைக்காலில் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குத் தாவி விளையாடினோம். அவ்வளவு நல்ல பாண்டிக் கட்டம் எந்தத் தெருவிலும் கிடையாது. அத்தனை பெரியவர்களில் ஒருத்தருக்காவது அந்த வட்டங்களை அழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை. அக்கா வழக்கம்போல் பஸ்ஸில் போயிருந்தாள். அம்மா அண்டாக்களுக்கு நடுவே ஒரு சந்து கண்டுபிடித்து உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க வடக்கே கடைப்பக்கம் கூடிநின்று கோவில்பட்டி பஸ்ஸுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒல்லியாக ஒரு மனிதர். கையில் குடை, தோளில் தோல் பை, செருப்பு தெரியாத அளவுக்குப் புழுதி. முந்தின நாள் புதூரில் வேலை பார்த்தவர், காலையில் அங்கிருந்து பஸ் ஏறித் ஊர்ப்பாதை பிரிகிற தெற்கு விலக்கில் இறங்கி ஓடை வழியே நடந்து வந்துவிட்டார். அந்தப் பக்கமாக வந்தால் எங்கள் வீடுதான் முதல் வீடு.

“கணக்கெடுக்க வந்திருக்கேம்மா. உள்ளே வரலாமா?”

வரலாம்தான், எங்கே வருவது? வாசலை ஆடுகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்று அம்மா ஒட்டிக் காயவைத்த பெட்டிகளை மென்றுகொண்டிருந்தது. அவர் அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, யார் வீட்டுக் கட்டிலிலோ உட்கார்ந்து, சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“இதெல்லாம் உங்களோடதாம்மா?”

அம்மா குடங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ‘இல்லை ஐயா, எங்களுடையது இந்த மண்பானை மட்டும்தான்’ என்று அவள் சொல்லிவிட்டால் போதும், ராணி வந்துவிடுவாள், அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவாள். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது இது யாருடைய குடம், அது யாருடைய ஆடு என்பதுதான். ஊர் முழுவதும் மாட்டிக்கொள்ளும்.

அம்மா பசைச்சட்டியைக் காலால் தள்ளி ஓர் அண்டாவுக்குப் பின்னால் மறைத்தாள். நீல விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா அப்படி நிமிர்ந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“எல்லாம் நம்மளுதுதான்” என்றாள்.

“ஆடு எத்தனை?”

“யாரு எண்ணுனா? நிக்கிதுல்லா, நீங்களே எண்ணிக்கிடுங்க.”

“ரேடியோ பாடுமா?”

“நல்லாப் பாடும். இப்போ அதுக்கு நேரமில்ல.” அதை எங்கே திருக வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியாது.

“நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

“வேலையா?” அம்மா சிரித்தாள். “நான் எதுக்கு வேல பாக்கணும்? சும்மாதான் இருக்கேன்.”

ஒரு நாளைக்கு எத்தனை நூறு பெட்டி ஒட்டுகிறோம் என்று எனக்குத் தெரியும். நானும்தானே சேர்ந்து ஒட்டுவேன். ‘சும்மா’ என்ற அந்தச் சொல்லை அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

“வீட்டுக்காரர்?”

“நெல்லு விசயமாத் தெற்க போயிருக்காவ.” இதில் பொய்யே இல்லை.

“பிள்ளைகள்?”

“ரெண்டு பொம்பளப்புள்ள. இது சின்னவ, அஞ்சாங்கிளாஸ். மூத்தவ ஏழாங்கிளாஸ் படிக்கா.”

“எங்கே அவங்க?”

“பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருக்கா. வேற எங்கன போவா?”

இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் எழுதாமல் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு எழுதினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். பளபளவென்று இத்தனை குடங்கள் இருந்தும் ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அம்மா ஆட்டைத் தாண்டி, கட்டிலைத் தாண்டிப் போய், மூலையில் எங்கள் மண்பானையிலிருந்து ஈயக்கிண்ணத்தில் மொண்டுகொண்டு வந்து கொடுத்தாள். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு வடக்கே நடந்தார்.

அவர் போனதும் நான் ஓவென்று அழுதேன். “எரும போச்சே! ராணி போச்சே!”

“சும்மா கெடட்டி” என்றாள் அம்மா. “ஊரக் காட்டிக்குடுக்கச் சொல்லுதியா? நாளைக்கு அவிய மூஞ்சியிலதான முழிக்கணும்?” சொல்லிவிட்டு மறுபடியும் பசைச்சட்டியை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள்.

வடக்கே என்ன நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். கோவில்பட்டி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆபீசர் வந்து நின்றாராம். அண்ணாச்சி கையிலிருந்த கலர் பாட்டில் நழுவிவிட்டதாம். வீடுவீடாகப் போனார். எல்லோரும் ஒரே மாதிரி கையை விரித்தார்கள். ஒண்ணுமில்லைங்க ஐயா, ஒண்ணுமில்லை. மேலவீட்டு அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு, “தண்ணி மொள்ள ஒரு கொடமில்லாத பாவி” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கடைக்குட்டி பின்னால் வட்டத்துக்கு வட்டம் ஒற்றைக்காலில் தாவிக்கொண்டிருந்ததாம்.

சாயங்காலம் அவர் தெற்கு விலக்குக்குத் திரும்பிப் போய்விட்டார் என்று தலையாரி வந்து சொன்னார். உடனே பெண்கள் அவரவர் பொருளை எடுக்க எங்கள் வீட்டில் மொய்த்துவிட்டார்கள். இடுப்பில் குடம், தலையில் அண்டா என்று வரிசையாக வெளியேறும்போது எதிரே அவர் நின்றார். காலையில் குடையை எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒருவரும் அசையவில்லை. ஆடுகள்கூடக் கத்தவில்லை என்றுதான் எனக்கு நினைவு. அது உண்மையாக இருக்க முடியாது.

அம்மாதான் முன்னால் வந்தாள். “ஒரு விசேச வீடுங்க ஐயா. பாவம், அவியகிட்ட ஒண்ணுமில்ல. எரவல் கேட்டாவ. இருக்கவங்கதான குடுக்கணும்? எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுதேன்.”

அவர் ஓரமாக ஒதுங்கி நின்று, குடங்களெல்லாம் போவதற்கு வழி விட்டார். குடையை வாங்கிக்கொண்டார். “நல்லதும்மா. இருக்கிறவங்கதான் கொடுக்கணும்” என்று சிரிக்காமல் சொன்னார். அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மேலவீட்டு அத்தை மூச்சு விட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏ மதினி, எங்க மானத்தக் காப்பாத்திட்டியே” என்று அழுதாள். இந்தத் தடவை நிஜமாகவே அழுதாள்.

எருமை வந்ததா என்று கேட்பீர்கள். ஒருவருக்கும் வரவில்லை. ஒரு கன்றுக்குட்டிகூட வரவில்லை. கணக்கெடுக்கத்தான் வந்தார், கணக்கெடுத்துக்கொண்டு போனார். ஊரே ஒரு நாள் ஏழையாக இருந்ததற்கு ஒரு சல்லிக்காசு பிரயோசனமில்லை. எங்கள் வீடு ஒரு நாள் பணக்கார வீடாக இருந்ததற்குத்தான் பலன் இருந்தது.

நாலைந்து நாள் கழித்துத் தலைமையாசிரியர் சைக்கிளில் வந்தார். தெருவில் நின்றுகொண்டே, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினார்.

“ஏம்மா, இந்த ஊர்லயே வசதியான வீடு ஒங்க வீடுன்னு எழுதியிருக்காவ. ஒங்க மூத்த புள்ள ஏழாங்கிளாஸ் படிக்கான்னும் எழுதியிருக்காவ. என் ரிஜிஸ்தர்ல அவ பேர் இல்லையே? சர்க்கார் கணக்குல இருக்கு, என் கணக்குல இல்லன்னா நான் என்ன பதில் சொல்ல? திங்கக்கெழம புள்ள வந்தாகணும். இல்லன்னா எல்லாக் கணக்கையும் மறுபடி பாக்கணும்னு நானே எழுதிப்போட்டுருவேன்.”

அம்மா தலையை ஆட்டிவைத்தாள். இல்லை ஐயா, நாங்கள் ஏழை என்று இப்போது எப்படிச் சொல்வது? மறுபடி பார்த்தால் எல்லாருடைய ஆடும் அண்டாவும் வெளியே வரும். தலையாரி வேறு, “சர்க்காருக்குப் பொய்க் கணக்குக் குடுத்தா ஆறு மாசம் உள்ள போட்டுருவாவ” என்று பயமுறுத்தினார்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி கடை முன்னால் தெரு கூடியது. எங்களைப் பணக்காரர்களாகவே வைத்திருப்பது எப்படி என்பதுதான் பேச்சு. அப்படி ஒரு கூட்டம் வேறெங்காவது நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆட்டுக்கார மாமா முதலில் வாயைத் திறந்தார். “வாசல்ல ரெண்டு ஆடாவது நிக்கணும்லா, இல்லாட்டி வாத்தியாரு சந்தேகப்படுவாரு. ரெண்டு பெட்டையாட்ட வாரத்துக்கு ஓட்டிவிடுதேன் தங்கச்சி.” வாரத்துக்கு என்றால், ஆடு அவருடையது, வளர்ப்பு நம்முடையது, போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். அவர் மிளகாய் வத்தல் வியாபாரமும் செய்துவந்தார். “வத்தலுக்குக் காம்பு கிள்ளுத வேலைய இனிமே ஒனக்கே குடுத்துருதேன். பெட்டி ஒட்டுததவிடக் கூலி கூட. ஆனா கதவச் சாத்திக்கிட்டு உள்ள வச்சுச் செய்யி. பணக்காரி வத்தல் கிள்ளுதத ஊரு பாக்கப்படாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மேலவீட்டு அத்தை வீட்டுக்குப் போய், அவளிடமிருந்ததிலேயே பெரிய குடத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வாசலுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். “இங்கனயே இருக்கட்டும்” என்றாள்.

திங்கட்கிழமை விடியுமுன் பஸ் வழக்கம்போல் வந்து ஹாரன் அடித்தது. அக்கா பழக்கதோஷத்தில் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் தேடினாள். அம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தி, “படு” என்றாள். ஹாரன் இன்னொரு தரம் அடித்தது. பிறகு பஸ் போகிற சத்தம் கேட்டது. மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் போனது, அதை மறைக்க நான் யார்? ஆனால் எங்கள் அக்கா போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு வெயில் ஏறும்வரை தூங்கினாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே அழுதுகொண்டு வந்தாள். பஸ்ஸில் பாட்டுப் பாட ஆள் இருந்ததாம், இங்கே யாரும் பேசவில்லையாம். என் மைப்புட்டி, என் ரிப்பன், என் புத்தகப்பை எல்லாம் அவளுக்குப் போனதில் எனக்கு ஆத்திரம். ராணி போனதையும் அவள் கணக்கில் சேர்த்துப் பல நாள் அவளோடு டூ விட்டிருந்தேன். வத்தல் நெடியில் வீடே தும்மிக்கொண்டிருந்தது.

பங்குனியில் அப்பா நெல்மூட்டையோடு தெற்கு விலக்கில் இறங்கினார். எதிரே வந்த ஆட்டுக்கார மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கும்பிட்டு, “வாங்க பண்ணையாரே” என்றிருக்கிறார். கிண்டல் பண்ணுகிறார் என்று அப்பாவுக்குக் கோபம். வீட்டுக்கு வந்தால் வாசலில் ரெண்டு ஆடு, உள்ளே பளபளவென்று பித்தளைக் குடம். விறைத்துப்போய் வெளியிலேயே நின்றுவிட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் மூட்டை மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் ஒரு குட்டி பிறந்தது. அதற்கு நான் ராணி என்று பெயர் வைத்தேன். கிடாக்குட்டிதான், இருந்தாலும் பெயரை வீணாக்க மனசில்லை.

அந்தப் பித்தளைக் குடம் நாலு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது. அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தபோது அம்மா புளி போட்டுத் தேய்த்து, தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அது இருந்த இடத்தில் எங்கள் தரையிலும் ஒரு வட்டம் விழுந்திருந்தது. அடுத்த தடவை மெழுகும்போது அம்மா அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி மெழுகினாள்.

அக்கா படித்துக் கிராமத்து நர்ஸ் ஆனாள். வேலை உத்தரவு வந்த அன்று நாங்கள் ரெண்டு பேரும் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனோம். அப்போது ஓய்வு பெற்றுக் கழுகுமலையில் இருந்தார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னார்.

“அந்த ஆபீசர் கெளம்புற அன்னைக்கு என்னப் பாக்க வந்தாரு தெரியுமா? ‘சார், ஊர்ல எல்லா வீட்டுலயும் தரையில கொடம் இருந்த வட்டம் இருக்கு, கொடத்தக் காணோம். கடேசி வீட்டுல கொடமாக் கெடக்கு, ஆனா தண்ணி மண்பானையிலதான் இருக்கு. அந்தம்மா ஒருத்தரையும் காட்டிக்குடுக்கல. அவங்க சொன்னதத்தான் நான் எழுத முடியும், எழுதிட்டேன். அவங்க சொன்னதுல ஒண்ணே ஒண்ண மட்டும் நீங்க நெசமாக்கிருங்க. மூத்த பொண்ணு ஏழாங்கிளாஸ் படிக்கான்னு சொன்னாங்க’ன்னாரு. மிரட்டுனாத்தான் நடக்கும்னு நான்தான் கொஞ்சம் மிரட்டுனேன்.”

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். இறங்கும்போதுதான் அக்கா சொன்னாள்: “அம்மாகிட்டச் சொல்லிராத.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டியும் இந்தக் கதை ஒன்றுதான் சொத்து. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவாள். பேத்தியைக் கட்டிய மாப்பிள்ளைக்குச் சொன்னாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குச் சொன்னாள். எப்படி நிமிர்ந்து உட்கார்ந்தேன், ரேடியோவுக்கு என்ன பதில் சொன்னேன், குடையோடு வந்து நின்றபோது எப்படிச் சமாளித்தேன் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள்.

“அவ்வளவு படிச்ச ஆபீசரு, பாவம், கடேசி வரைக்கும் கண்டுபிடிக்கவே இல்லையே!”

“ஆமாம்மா,” என்பாள் அக்கா, அம்மாவின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே. “நீ யாரு, லேசுப்பட்டவளா?”